சருகுத் தீயும் காட்டின் இளந்தலைமுறையும்

காட்டுத் தீ என்ற சொல்லைக் கேட்ட அளவில் நம் மனக்கண்ணில் எழுவது பேரழிவின் காட்சி. வானளாவிய மரங்கள் கொழுந்துவிட்டு எரிகின்றன. விலங்கினங்கள் அஞ்சி ஓடுகின்றன. புகைமண்டலம் மலைமுகட்டை மறைக்கின்றது. இக்காட்சி பொய்யன்று; ஆயினும் முழு உண்மையும் அன்று. நம் நாட்டுக் காடுகளில் எரியும் நெருப்பில் மிகப் பெரும்பகுதி மரங்களின் உச்சியை எட்டுவதே இல்லை. உதிர்ந்த சருகையும் காய்ந்த புல்லையும் உண்டுகொண்டு, முழங்கால் உயரத்திலோ இடுப்பு உயரத்திலோ, நிலத்தை ஒட்டி ஊர்ந்து செல்வது அது. ஆகவே அதன் நன்மை தீமைகளை அறிய விரும்புவோர் அண்ணாந்து பார்த்தால் போதாது. குனிந்து பார்க்க வேண்டும். மாணவ நண்பர்களே, இன்றைய பேச்சில் உங்களை அவ்வாறு குனிந்து பார்க்கவே அழைக்கின்றேன்.

குனிந்து பார்த்தால் அங்கே ஒரு தனி உலகம் இருக்கின்றது. புல் வகைகள், பூண்டுகள், கொடிகள், புதர்கள், மண்ணுக்குள் கிழங்கை ஒளித்து வைத்திருக்கும் செடிகள் ஆகிய இவையெல்லாம் அங்கே வாழ்கின்றன. இவற்றோடு கலந்து, கண்ணுக்கு எளிதில் புலப்படாமல், மற்றொரு கூட்டமும் நிற்கின்றது. அவை மரங்களின் குழந்தைகள்: தேக்கின் கன்று, வேங்கையின் கன்று, கருமருதின் கன்று, நெல்லியின் கன்று. இவ்வுலகத்தைக் காட்டின் கீழடுக்கு என்று சொல்லலாம். ஓர் ஊரில் முதியவர் பலர் இருந்தும் தொட்டில் ஒன்றுகூட ஆடவில்லை என்றால், அவ்வூரின் நாளைய நிலை என்னவாகும்? காடும் அத்தகையதே. உயர்ந்த மரங்கள் நிறைந்திருப்பதைக் கண்டு ஒரு காட்டை வளமானது என்று முடிவு கட்டிவிட இயலாது. கீழே கன்றுகள் நிற்கின்றனவா, அவை இளமரங்களாக உயர்கின்றனவா என்று பார்த்த பின்னரே அம்முடிவுக்கு வரலாம். இதனையே வனநூலார் இயற்கை மறுவளர்ச்சி என்பர்.

மறுவளர்ச்சி மூன்று வழிகளில் நிகழ்கின்றது. விதை முளைத்துக் கன்றாவது ஒரு வழி. வெட்டுண்ட அல்லது எரிந்த அடித்தண்டிலிருந்து புதுத் துளிர் கிளம்புவது மற்றொரு வழி. பக்க வேரிலிருந்து புதிய தண்டு எழுவது மூன்றாவது வழி. இம்மூன்றும் நிகழ்வது நிலமட்டத்தில்தான். தீயும் செல்வது அதே மட்டத்தில்தான். மாடு மேய்வதும், மனிதன் விறகு பொறுக்குவதும், பாதை போடுவதும் அம்மட்டத்திலேயே. ஆதலின் ஒரு காடு இன்னும் ஐம்பது ஆண்டுகளில் என்ன காடாக இருக்கும் என்ற கேள்விக்கு விடை, நிலத்திலிருந்து மூன்று முழ உயரத்துக்குள் எழுதப்படுகின்றது என்று சொன்னால் மிகையாகாது.

தீ நல்லதா, கெட்டதா? இவ்வாறு வினவுவது, மழை நல்லதா கெட்டதா என்று வினவுவது போன்றது. எப்பொழுது பெய்தது, எவ்வளவு பெய்தது, எத்தனை நாட்களுக்கு ஒருமுறை பெய்தது என்று கேட்டால்தான் மழையைப் பற்றி ஏதேனும் சொல்லமுடியும். தீயைப் பற்றியும் இம்மூன்று கேள்விகளையே கேட்க வேண்டும்: எப்பருவத்தில் எரிந்தது? எவ்வளவு சூட்டுடன் எரிந்தது? முன்னர் எரிந்து எத்தனை ஆண்டுகள் ஆயின?

தை மாதத்தில் காட்டுச் சருகு முழுவதும் உலர்ந்திராது. இரவில் பனி பெய்கின்றது; நிழலான பள்ளங்களில் ஈரம் தங்கியிருக்கின்றது; புல்லின் அடித்தாள் பசுமையாகவே இருக்கின்றது. அப்பொழுது எழும் தீ மெல்ல நகர்ந்து, ஈரம் கண்ட இடத்தில் தானே அணைந்துவிடும். ஓரிடம் எரிந்தும் ஓரிடம் எரியாமலும் திட்டுத் திட்டாகக் காடு காட்சியளிக்கும். பங்குனி, சித்திரையிலோ நிலைமை வேறு. கோடைக் காற்று வீசுகின்றது. சருகு அப்பளம் போல் நொறுங்குகின்றது. விழுந்து கிடக்கும் கட்டையும் பற்றிக்கொள்கின்றது. அவ்வேளையில் எழும் தீ இளமரங்களின் கிளைகளைத் தாவிப் பிடிக்கும். முதிய மரங்களின் பொந்துகளிலும் புகும். இரண்டும் ஒரே காட்டில் எழுந்த தீயே. ஆயினும் கீழடுக்கின் கன்றுக்கு முன்னது ஒரு சோதனை. பின்னது பெரும்பாலும் மரண தண்டனை.

ஒரு வியப்பான செய்தியையும் இங்கே சொல்ல வேண்டும். மண் வெப்பத்தை எளிதில் கடத்துவதில்லை. மேலே மெல்லிய சருகுத் தீ விரைந்து கடந்து செல்லும்போது, இரண்டு மூன்று விரற்கடை ஆழத்தில் உள்ள வேரும் கிழங்கும் அதனை ஏறக்குறைய அறிவதே இல்லை. இவ்வுண்மையைத் தாவரங்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்தி வருகின்றன. நம் மாநில மலராகிய செங்காந்தளை நோக்குங்கள். மழைக் காலத்தில் கொடியாகப் படர்ந்து, தீக்கொழுந்து போன்ற மலரை மலர்த்தி, கோடை வருமுன் தண்டையும் இலையையும் துறந்துவிட்டுக் கிழங்காக மண்ணுக்குள் உறங்குகின்றது. காட்டு மஞ்சளும் வள்ளிக்கிழங்கு இனங்களும் இவ்வகையினவே. தீ கடந்து செல்லும்போது எரிவதற்கு அவற்றில் மண்மேல் ஒன்றும் இராது; முதல் மழை விழுந்ததும், சாம்பல் பூத்த நிலத்தில் அவையே முதலில் தலைகாட்டும்.

வேறு சில தாவரங்கள் வேறு உபாயங்களைக் கைக்கொள்கின்றன. துடைப்பத்துக்கு ஓலை தரும் சிற்றீச்சை தன் குருத்தை இலையடிகளின் நெருக்கமான உறைக்குள் காத்து வைக்கின்றது; ஓலைகள் கருகினாலும் குருத்து மீண்டும் விரியும். கருமருது முதலையின் தோல் போன்ற தடித்த பட்டையைப் போர்த்திக்கொள்கின்றது. வட இந்தியாவின் சால மரத்தினுடைய கன்றோ பொறுமைக்கு இலக்கணம். அதன் மெல்லிய தண்டு ஆண்டுதோறும் தீயாலோ பனியாலோ வறட்சியாலோ மடிகின்றது. ஆனால் வேர் மடிவதில்லை. பல ஆண்டுகள் இவ்வாறு தண்டு மடிந்தும் வேர் தடித்தும் வளர்ந்து, போதிய வலிமை சேர்ந்தவுடன் ஒரே மூச்சில் தீயின் உயரத்தைக் கடந்து மேலே சென்றுவிடுகின்றது. அந்த ஒரே மூச்சுக்கு வேண்டிய அவகாசத்தைத் தீ தருமா என்பதே அதன் வாழ்வு சாவுப் பிரச்சினை. இங்குதான் இடைவெளி என்ற மூன்றாவது கேள்வியின் முக்கியத்துவம் விளங்குகின்றது. சில ஆண்டுகள் எரியாதிருந்தால் கன்று தப்பும். ஆண்டுதோறும் எரிந்தால் வேரின் சேமிப்பும் ஒருநாள் தீர்ந்துபோகும்.

எல்லாக் காடுகளும் இவ்வாறு தீயோடு பழகியவை அல்ல என்பதை மறந்துவிடலாகாது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடுகளிலும், நீலகிரி, பழனி மலைகளின் மடிப்புகளில் ஒதுங்கியுள்ள சோலைகளிலும் வாழும் மரங்களுக்குத் தடித்த பட்டை இல்லை. அவற்றின் கன்றுகள் நிழலிலும் ஈரத்திலும் வளர்வன. அங்கே தீ புகுமானால் அதற்குச் சமாதானம் கூற எந்த உபாயமும் அக்கன்றுகளிடம் இல்லை. சோலையின் விளிம்பில் தொடங்கும் புல்வெளியிலோ, தடித்த பட்டையுடைய ரோடோடென்ரான் என்னும் செம்பூ மரம் தனித்து நின்று நெருப்பைத் தாங்குகின்றது. சில அடி தூரத்தில் இரண்டு உலகங்கள்! ஆகையால் இன்று நான் சொல்லப்போவன யாவும் இலையுதிர் காடுகளைப் பற்றியன. சோலைக்கும் மழைக்காட்டுக்கும் பொருந்தா.

மனிதன் காட்டில் தீயிடத் தொடங்கியது நேற்றன்று. குறிஞ்சி நிலத்து மக்கள் காட்டை வெட்டிச் சுட்டுப் புனமாக்கித் தினை விதைத்த செய்தியைச் சங்க இலக்கியங்களிலேயே காண்கின்றோம். ஓரிரு ஆண்டுகள் பயிரிட்டபின் அவ்விடத்தைக் காட்டுக்கே விட்டுவிட்டு வேறிடம் செல்வர். விட்ட நிலம் பல்லாண்டு ஓய்ந்து மீண்டும் காடாகும். அன்றியும், மேய்ச்சலுக்குப் புதுப்புல் வேண்டியும், பாதை தெளிய வேண்டியும், தேனும் கிழங்கும் எடுக்கச் செல்லும் வழியில் யானையும் பாம்பும் மறைந்திராமல் தெரிய வேண்டியும் சருகுக்குத் தீயிடுவது மலைவாழ் மக்களின் வழக்கமாக இருந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் ஆங்கில அரசு வனத்துறையை அமைத்தபோது, நிலைமை தலைகீழாக மாறியது. அத்துறையின் தலைமையை 1864-ஆம் ஆண்டில் ஏற்ற ஜெர்மானியரான டீட்ரிஷ் பிராண்டிஸும் அவருடன் பணியாற்றியோரும் ஐரோப்பியக் காட்டியலைக் கற்றவர்கள். தீ என்பது அரசாங்கத்தின் மரச் செல்வத்தை அழிக்கும் பகை என்பதே அவர்கள் துணிபு. அப்பத்தாண்டிலேயே மத்திய மாகாணத்துப் போரிக் காட்டில் தீத்தடுப்புப் பணி வெற்றிகரமாக நடத்திக் காட்டப்பட்டது. தீத்தடுப்புக் கோடுகள் வெட்டப்பட்டன, காவலர் நியமிக்கப்பட்டனர், 1878-ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டமும் 1882-ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டமும் ஒதுக்குக் காடுகளில் நெருப்பிடுவதைக் குற்றமாக்கின.

அதன் பயன் என்ன? வறண்ட காடுகள் பலவற்றில் கன்றுகள் செழித்தன என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் ஈரமான இலையுதிர் காடுகளில் எதிர்பாராத விளைவு ஒன்று தோன்றியது. பர்மாவில் தீயினின்று பல்லாண்டு காக்கப்பட்ட தேக்குக் காடுகளில், முதிய தேக்கு மரங்கள் நலமாக நின்றன. கீழே தேக்குக் கன்றுகளைக் காணோம்! மூங்கிலும் பசுமைப் புதர்களும் அடர்ந்து நிலத்தை இருளாக்கிவிட்டன. வெளிச்சத்தை நாடும் தேக்குக் கன்று அந்த இருளில் மடிந்தது. 1896-ஆம் ஆண்டில் ஸ்லேடு என்னும் வன அதிகாரி, பர்மாவில் தீத்தடுப்பு அளவுக்கு மீறிவிட்டது என்று துணிந்து எழுதினார். வங்காளத்திலும் அஸ்ஸாமிலும் ஈரமான சாலக் காடுகளில் இதே கதை நிகழ்ந்தது. தீயை விலக்கிய பின், கீழடுக்கில் பசுமைப் புதர் மூடிக்கொண்டது; சாலக் கன்று எழவில்லை. நெடிய வாதத்துக்குப் பின்னர், அடங்கிய தீயைக் காலமறிந்து தாங்களே இடும் முறைக்கு வன அதிகாரிகள் அங்கெல்லாம் திரும்ப நேர்ந்தது. எந்தத் தீயைக் குற்றமென்று கருதி மலைவாழ் மக்களைத் தண்டித்தனரோ, அத்தீயின் ஒரு வகையைத் தாங்களே கையில் எடுத்தனர்.

இப்பழைய வரலாற்றை ஏன் கூறுகின்றேன்? நம் எல்லையை ஒட்டிய மலையொன்றில் நம் காலத்திலேயே இதே பாடம் மீண்டும் நடத்தப்பட்டது. ஈரோடு மாவட்டத்துச் சத்தியமங்கலக் காடுகளுக்கு வடக்கே, கர்நாடக மாநிலச் சாமராசநகர் மாவட்டத்தில் உயர்ந்து நிற்பது பிளிகிரிரங்கன் மலை. அதனை அடுத்த கொள்ளேகால் வட்டம் 1956-ஆம் ஆண்டு வரை நம் கோயம்புத்தூர் மாவட்டத்தோடு சேர்ந்திருந்தது. இம்மலையிலும், சத்தியமங்கலம், பர்கூர் மலைகளிலும் வாழ்பவர்கள் சோளகர் என்னும் பழங்குடியினர். தேன், நெல்லிக்காய், பாசி, கிழங்கு முதலியவற்றைக் காட்டிலிருந்து பெற்றும், முற்காலத்தில் புனம் சுட்டு ராகி விதைத்தும் வாழ்ந்தவர்கள். ஆண்டின் தொடக்கத்தில், கோடை முற்றுவதற்கு முன்னர், சருகுக்கு மெல்லிய தீயிடும் வழக்கம் அவர்களிடம் இருந்தது. அதனை அவர்கள் தரகு பெங்கி என்பர். தரகு என்றால் அவர்தம் பேச்சில் சருகு. பெங்கி என்றால் நெருப்பு.

1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் சரணாலயத்துக்குள் தீயிடுவதைத் தடை செய்கின்றது. 1974-ஆம் ஆண்டில் பிளிகிரிரங்கன் மலை சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. புனக்காட்டுப் பயிர் நின்றது. சோளகர் ஓரிடத்தில் குடியமர்த்தப்பட்டனர். சருகுத் தீயும் நின்றது. யானையும் புலியும் வாழும் மலையைக் காக்க வேண்டும் என்ற நோக்கம் உயரியது என்பதில் ஐயமில்லை. ஆனால் கீழடுக்கில் ஒரு புதிய விருந்தாளி அமைதியாக இடம் பிடித்துக்கொண்டிருந்தது. அதுதான் உண்ணிச்செடி.

உண்ணிச்செடியை அறியாதவர் நம்மில் இலர். மஞ்சளும் சிவப்பும் ஊதாவுமாகக் கொத்துக் கொத்தாய்ப் பூக்கும் அச்செடி வெப்பமண்டல அமெரிக்காவைப் பிறப்பிடமாகக் கொண்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தாத் தாவரத் தோட்டத்துக்கு அழகுச் செடியாக வந்து, வேலியைத் தாண்டி, நாடெங்கும் பரவியது. அதன் கரும்பழத்தைக் கொண்டைக்குருவி முதலிய பறவைகள் உண்டு, விதையை எங்கும் எச்சமிடுகின்றன. வெட்டினாலும் எரித்தாலும் அடித்தண்டிலிருந்து மீண்டும் துளிர்க்கின்றது. அதன் அடர்ந்த புதருக்குக் கீழே புல் முளைப்பதில்லை. நாட்டு மரங்களின் கன்றுகள் நலிகின்றன. மானுக்கும் காட்டெருதுக்கும் மேய்ச்சல் குறைகின்றது.

பிளிகிரிரங்கன் மலையில் ஆராய்ச்சியாளர்கள் காடு முழுவதும் சிறு சிறு மாதிரித் துண்டுகளை அளந்து குறித்து, செடிகளை எண்ணினார்கள். 1997-ஆம் ஆண்டில் அத்துண்டுகளில் 100-க்கு 41-இல் உண்ணிச்செடி இருந்தது. அவற்றையே மீண்டும் 2008-ஆம் ஆண்டில் எண்ணியபோது 100-க்கு 81-இல் அது இருந்தது. பதினோரே ஆண்டுகளில் இரு மடங்கு! இதற்குக் காரணம் யாதெனச் சோளகரை வினவியபோது, பெரியோர் பலர் கூறிய விடை ஒன்றே: சருகுத் தீ நின்றதுதான். ஆண்டுதோறும் எழுந்த மெல்லிய தீ உண்ணியின் விதைகளையும் இளஞ்செடிகளையும் புதராகித் தடிப்பதற்கு முன்னரே ஒடுக்கி வைத்திருந்தது என்பது அவர்கள் விளக்கம். நெல்லி மரங்களைப் பற்றியும் அவர்கள் ஒன்று சொல்கின்றனர். கிளையில் ஒட்டி வளர்ந்து மரத்தின் சாற்றை உறிஞ்சும் புல்லுருவி இப்பொழுது நெல்லியில் மிகுந்துவிட்டது. முன்னர்ச் சருகுத் தீயின் வெப்பமும் புகையும் அதனை அடக்கி வந்தன என்கின்றனர். ஆயிரக்கணக்கான நாட்கள் அக்காட்டில் நடந்து, நெல்லி பறித்து உண்டு வாழ்ந்தவர்களின் கூற்று இது. விஞ்ஞானம் இதனைச் சோதித்துப் பார்க்க வேண்டும். அலட்சியம் செய்யக் கூடாது.

உண்ணி பெருகியதற்குத் தீ நின்றது ஒன்றே காரணம் என்று நான் கூற வரவில்லை. நிலத்தை மனிதன் பயன்படுத்தும் முறை ஒவ்வொன்றும் கீழடுக்கில் தன் முத்திரையைப் பதிக்கின்றது. பாதை போட்டால் அதன் இருமருங்கும் வெயில் விழுகின்றது. உண்ணிக்கு வெயில் விருப்பம். மரத்தையும் மூங்கிலையும் வெட்டி எடுத்தால் மேற்கூரையில் துளை விழுகின்றது. அங்கும் உண்ணி நுழைகின்றது. மாடுகள் அளவோடு மேய்ந்தால் புல் குறைந்து தீயின் வேகம் தணியும். அளவு மீறி மேய்ந்தாலோ சுவையான செடிகள் எல்லாம் தின்னப்பட்டு, மாடு தொடாத முட்செடிகளும் உண்ணியுமே எஞ்சும். கைவிடப்பட்ட புனமும், தோட்டமிட்டுக் கைவிட்ட நிலமும் அவ்வாறே. காட்டின் கீழடுக்கு ஒரு பழைய கணக்குப் புத்தகம் போன்றது. அந்நிலத்தை முன்னர்க் கையாண்டவர் வரவு வைத்தது என்ன, செலவு செய்தது என்ன என்பதை அதில் படித்தறியலாம்.

இனி மறுபக்கத்தையும் பார்ப்போம். தீ நின்றதால் தீமை விளைந்தது என்றால், நிறையத் தீயிட்டால் நன்மை விளையும் என்று கருதலாமா? கருதலாகாது என்பதற்கு நம் முதுமலையே சாட்சி. 1909 முதல் 1921 வரையுள்ள பழைய பதிவேடுகளின்படி, அங்கே ஓரிடம் எரிந்து மீண்டும் எரிவதற்குச் சராசரியாகப் பத்தாண்டுகள் ஆயின. 1989 முதல் 2002 வரையுள்ள காலத்திலோ, அவ்விடைவெளி ஏறத்தாழ மூன்று ஆண்டுகளாகச் சுருங்கிவிட்டது. அத்தீயில் பெரும்பாலானது யாரோ அசட்டையாகவோ வேண்டுமென்றோ மூட்டியது. காலமும் இடமும் அறிந்து இட்டதன்று. அங்கே 1988-ஆம் ஆண்டில் இந்திய விஞ்ஞானக் கழகத்தார் 50 ஹெக்டேர் நிலத்தை வரையறுத்து, ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தடித்த மரத்தண்டு ஒவ்வொன்றையும் எண்ணி அடையாளமிட்டு, இன்றுவரை கண்காணித்து வருகின்றனர். விரல் பருமனுள்ள தண்டுகள் தீ வந்த ஆண்டுகளில் மிகுதியாக மடிகின்றன. பெருமரங்கள் தாங்கிக்கொள்கின்றன என்பது இத்தகைய எண்ணிக்கையால் நாம் அறியும் செய்தி.

சில ஆண்டுகளுக்கு முன்னர் மாணவர் சிலருடன் அப்பக்கம் சென்றிருந்தபோது, முதல் மழைக்குப் பின்னர்ச் சாலையின் இருபுறத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னேன். ஒருபுறம் அவ்வாண்டு எரிந்திருந்தது. மறுபுறம் தீத்தடுப்புக் கோட்டினால் தப்பியிருந்தது. எரிந்த புறத்தில் புதுப்புல் பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் இருந்தது. மான்கள் அங்கேயே நின்றன. எரியாத புறம் பழைய சருகும் வைக்கோல் நிறப் புல்லுமாக மங்கியிருந்தது. எரிந்த பக்கமே வளமானது என்று மாணவர்கள் உடனே முடிவு கட்டினார்கள். பின்னர் மண்டியிட்டு மரக்கன்றுகளை எண்ணினோம். எரிந்த புறத்தில் முழ உயரம் தாண்டிய கன்றுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். எரியாத புறத்தில் அவை எளிதாகத் தென்பட்டன. புல்லுக்கு வந்த வாழ்வு வேறு. மரத்துக்கு வரும் வாழ்வு வேறு. ஓராண்டுக் காட்சியைக் கொண்டு தீர்ப்புச் சொல்லிவிட இயலாது என்பதையும் அன்று அவர்களுக்குச் சொன்னேன்.

அடிக்கடி எரியும் நிலத்தில் மண்ணும் இளைக்கின்றது. சாம்பல் பொட்டாசியம் முதலிய சத்துக்களை மண்ணுக்குத் திருப்பித் தருவது மெய்யே. ஆனால் சருகிலுள்ள நைட்ரஜனில் ஒரு பகுதி புகையோடு போய்விடுகின்றது. மீண்டும் மீண்டும் எரிந்தால், ஈரத்தைக் காக்கும் சருகுப் போர்வையும் இல்லாமற்போய், மழைநீர் மேல்மண்ணை வழித்துக்கொண்டு ஓடுகின்றது.

இப்பொழுது நாம் ஓர் இக்கட்டான நிலைக்கு வந்து சேர்கின்றோம். உண்ணி பரவாத காலத்தில் சருகும் புல்லும் எரிந்தன. தீ தாழ்ந்து எரிந்தது. இன்று உண்ணி ஆளுயரத்துக்கு மண்டிக் கிடக்கும் காட்டில் தீ பிடித்தால், அதன் காய்ந்த தண்டுகள் விறகாகி, புதரின் மேலேறிய தீ மரத்தின் கிளைகளுக்கு ஏணி வைத்தாற்போல் தாவுகின்றது. அத்தகைய கடுந்தீயில் நாட்டுக் கன்றுகள் மடிய, உண்ணியோ வேரிலிருந்து துளிர்த்து, வெறுமையான இடத்தையும் தனதாக்கிக்கொள்கின்றது. தீ உண்ணியை வளர்க்கின்றது. உண்ணி தீயை வளர்க்கின்றது என்ற நச்சுச் சுழற்சி ஏற்படக்கூடும் என்று ஆராய்ச்சியாளர் சிலர் எச்சரித்துள்ளனர். ஆகவே பழைய தீயை அப்படியே மீண்டும் கொண்டுவந்தால் பழைய காடு திரும்பிவிடும் என்று எண்ணுவதற்கில்லை. பூட்டு மாறிவிட்டது, பழைய சாவி மட்டும் போதாது.

வழியே இல்லையா? உண்டு, ஆனால் அது பொறுமையான வழி. முதலில் உண்ணியை அகற்ற வேண்டும். மேலே வெட்டினால் மீண்டும் துளிர்க்கும் என்பதால், மண்ணுக்குக் கீழே இரண்டு மூன்று விரற்கடை ஆழத்தில் ஆணிவேரை வெட்டி, செடியைத் தலைகீழாகக் கவிழ்த்துவிடும் முறை ஒன்று கண்டறியப்பட்டுள்ளது. அகற்றிய இடத்தில் நாட்டுப் புல்லும் கன்றும் எழும்வரை, பறவைகள் கொணரும் விதையிலிருந்து முளைக்கும் உண்ணியைச் சில ஆண்டுகள் களைந்துகொண்டே இருக்க வேண்டும். மாதேசுவர மலையில் சோளகர் உண்ணித் தண்டைக் கொண்டு நாற்காலிகளும் கூடைகளும் செய்து விற்கின்றனர். யானைகளின் உருவங்களைக்கூட அதனால் செய்கின்றனர். பகையைப் பண்டமாக்கும் இம்முயற்சி பாராட்டுக்குரியது. கீழடுக்கு ஓரளவு தெளிந்தபின், எங்கே, எப்பருவத்தில், எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை மெல்லிய தீ இடலாம் என்பதைச் சிறு பரப்புகளில் சோதித்தறிய வேண்டும். அச்சோதனையில் வன அதிகாரியும் விஞ்ஞானியும் சோளகரும் ஒன்றாக அமர வேண்டும். 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தின்படி, 2011-ஆம் ஆண்டில் பிளிகிரிரங்கன் மலைச் சோளகருக்குச் சமுதாய வன உரிமைகள் வழங்கப்பட்டன. புலிகள் காப்பகமாக அம்மலை அறிவிக்கப்பட்டதும் அவ்வாண்டிலேயே. ஒரே நிலத்தில் விலங்கின் உரிமையும் மனிதனின் உரிமையும் ஏற்கப்பட்ட பின்னர், அறிவின் உரிமையையும் ஏற்பதே முறையாகும்.

ஓர் எச்சரிக்கையை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். சருகுத் தீயின் நன்மையைப் பேசியதால், எவரும் காட்டில் தீக்குச்சி கிழிக்கலாம் என்று பொருளாகிவிடாது. 2018-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 11-ஆம் நாள், தேனி மாவட்டக் குரங்கணி மலையில் மலையேறச் சென்றிருந்தோர் தீயின் நடுவே சிக்கினர். 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். காய்ந்த புல் மூடிய சரிவில் கோடைத் தீ மனிதனின் ஓட்டத்தை விட விரைவாக மேல்நோக்கி ஏறும். சோளகரின் தீ, தலைமுறை தலைமுறையாகக் காற்றையும் பனியையும் சரிவையும் கற்றவர்களின் கைத்தீ. அறியாதவன் கையில் அதுவே கொலைக் கருவி. மலைக்குச் செல்லும் நீங்கள் அணையாத அடுப்பையோ பீடித் துண்டையோ விட்டுவர எவருக்கும் இடமளிக்கலாகாது.

மாணவ நண்பர்கள் இத்துறையில் செய்யக்கூடிய எளிய பணி ஒன்று உண்டு. உங்கள் ஊருக்கு அருகில் ஒரு காப்புக் காடோ, கோயில் காடோ இருக்குமாயின், உரியவரின் அனுமதி பெற்று, ஆசிரியருடன் செல்லுங்கள். நான்கு குச்சிகளை நட்டு, கயிறு கட்டி, ஒரு மீட்டர் சதுரங்கள் பத்தினை அமையுங்கள். அவற்றில் புல் எத்தனை, உண்ணி எத்தனை, மரக்கன்று எத்தனை, அவை எம்மரத்தின் கன்றுகள் என்று எண்ணி எழுதுங்கள். மழைக்கு முன் ஒருமுறையும், மழைக்குப் பின் ஒருமுறையும் எண்ணுங்கள், ஆண்டுதோறும் எண்ணுங்கள். அந்நிலம் எரிந்ததா, மாடு மேய்ந்ததா, மரம் வெட்டப்பட்டதா என்பதையும் பக்கத்தில் குறித்து வையுங்கள். ஊர்ப் பெரியவர்களிடம் அக்காடு முன்னர் எவ்வாறு இருந்தது என்று கேட்டு, அதனையும் எழுதுங்கள். நீங்கள் கல்லூரியை விட்டுச் சென்ற பின்னரும் அடுத்த வகுப்பு மாணவர் அக்குறிப்பேட்டைத் தொடர்வாராயின், பத்தாண்டுகளில் அது எந்த நூலிலும் கிடைக்காத செல்வமாகும்.

தீயை முற்றும் விலக்கிய காடும், தீயிடம் முற்றும் ஒப்படைத்த காடும் ஈற்றில் ஒரே குறையைக் காட்டுகின்றன: மேலே மரம் இருக்கின்றது, கீழே அதன் குழந்தை இல்லை. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள பாதை ஒவ்வொரு காட்டுக்கும் தனித்தனியே உள்ளது. அப்பாதையைக் காலால் நடந்து அறிந்தவர் சிலர் இன்னும் மலைகளில் வாழ்கின்றனர். கருவிகொண்டு அளந்து அறிபவர் சிலர் ஆராய்ச்சிக் கூடங்களில் இருக்கின்றனர். முன்னவரின் தலைமுறை மறைவதற்குள் இவ்விருவரும் சந்திக்க வேண்டும். காத்திருக்கப் பெருமரங்களுக்குப் பொழுது உண்டு; அவற்றின் கீழே நிற்கும் கன்றுகளுக்கு அவ்வளவு பொழுது இல்லை.